படக்குறிப்பை மறைத்துவிட்டுப் போட்டோ பார்ப்பது சரியா?

ஒளியச்சு (இழையைத் தொடங்கியவர்)

நாங்கள் சில நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஒரே ஒரு போட்டோவைப் பார்க்கிறோம். பெரிய பிரிண்டாகப் போட்டு நடுவில் வைத்துவிடுவோம். எடுத்தது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எதுவும் சொல்வதில்லை. பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் முதல் சுற்றில் படத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். "சோகமான அம்மா" என்றால் செல்லாது. "நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது, விரல்நுனி முகத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது" என்றால் செல்லும். அர்த்தம் சொல்வதெல்லாம் இரண்டாவது சுற்றில்தான்.

கடைசியாக வைத்த படம், டோரதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்தது. பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் ஒரு தாய், அவள் தோள்களில் சாய்ந்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. எங்காவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்த படம் என்பதாலேயே "ஓ, இதுவா" என்று கண் நகர்ந்துவிடுகிறது. நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் கடந்துபோனேன்.

அன்றைக்குச் சுற்றில் வந்தவை இவை. பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் முகமும் தெரியவில்லை, கேமராவிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் ஸ்வெட்டர் கை நைந்து கிழிந்திருக்கிறது. நான்கு பேரில் ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை. அம்மாவின் பார்வை படத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறது. வானம் இல்லை, தரை இல்லை. கூடாரம் என்ற ஒன்று இருப்பதே ஓரத்தில் தெரியும் கம்பத்தை வைத்துத்தான் புரிகிறது. வலது பக்கம் கீழ் மூலையில், அந்தக் கம்பத்தின் மேல், விரல் மாதிரி மங்கலாக ஒரு தடம்.

அதோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. "அந்தக் காலத்துப் பஞ்சம் தெரியாமல், அந்தப் பெண் யார் என்று தெரியாமல், கிழிந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன பிரயோஜனம்?" என்று ஒரு நண்பர் எழுந்துவிட்டார். முதலில் கண், அப்புறம் குறிப்பு என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

கேள்விக்குறி

நான் உங்கள் நண்பர் பக்கம்.

அந்தப் பெண்ணின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். வயது 32. ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பழங்குடிப் பெண். லாங்கே பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. 1978-இல்தான் அவர் மொடெஸ்டோ என்ற ஊரில் இருப்பது வெளியே தெரிந்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாக உலகம் அவரை ஒரு வெள்ளைக்கார ஏழை விவசாயப் பெண்ணாகவும், குழந்தை ஏசுவைச் சுமக்கும் மாதாவாகவும் பார்த்தது. எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருந்தாலும் 'செரோக்கி' என்பதைக் கண் சொல்லியிருக்காது. தெரிந்த அச்சில் வைத்துத்தான் கண் பார்க்கும். இன்னும் பத்து நிமிடம் கொடுத்தால் அந்த அச்சு இன்னும் உறுதியாகும், அவ்வளவுதான்.

அவர் கண்டுபிடிக்கப்பட்டபோது, இந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். அது தெரிந்த பிறகு அவர் விரல் முகத்தைத் தொடும் விதமே எனக்கு வேறாகத் தெரிகிறது. குறிப்பை மறைத்தால் இதெல்லாம் எப்படி வரும்?

---

ஒளியச்சு

நியாயமான கேள்வி. ஆனால் குறிப்பு மட்டும் நம்பகமா? குடும்பத்தின் சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குடும்பத்தார் பிற்பாடு மறுத்தார்கள். கார் பழுதாகித்தான் அங்கே நின்றிருக்கிறார்கள், ஆண்கள் அதைச் சரிசெய்யும் வேலையாக ஊருக்குள் போயிருக்கிறார்கள். படத்தோடு முதலிலேயே டயர் கதையையும் படித்தவருக்கு அந்த முகத்தில் டயர் விற்றவளின் முகம்தான் தெரிந்திருக்கும்.

செய்தித்தாளில் படம் வந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் இந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. இதையும் படம் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். எது முதலில் வர வேண்டும் என்பதில்தான் நமக்குள் வித்தியாசம். எதையுமே படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

---

பழைய_டார்க்ரூம்

தம்பி, அந்த மூலையில் பார்த்த விரலைப் பற்றி யாரும் மேற்கொண்டு பேசவில்லையே. அது நிஜ விரல்தான். அம்மாவின் கட்டைவிரல், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருக்கிறது. சில வருடம் கழித்து லாங்கே அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். முழுசாக அழியவில்லை, பேய் மாதிரி நிற்கிறது. அதற்கு முன் போட்ட பிரிண்டுகளில் விரல் தெளிவாகவே இருக்கும். உங்கள் ஆட்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதைக் கண்டுபிடித்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

நான் ஒரு சின்ன ஊர் ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். சாய்வான ஒரு மேஜை இருக்கும், நடுவில் பால் கண்ணாடி. கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்புவோம். நெகட்டிவை அந்தப் பால் கண்ணாடி மேல் வைத்து, பஞ்சில் மருந்து தொட்டு மெல்லப் பூசினால்தான் பென்சில் பிடிக்கும். பென்சிலை ஊசி மாதிரி நீளமாகச் சீவி, அம்மைத்தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, நெற்றிக் கோடு எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். நெகட்டிவில் பென்சில் வைத்த இடம் பிரிண்டில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். அந்த விரல் வெளுப்பாகத் தெரிந்திருந்தால் அதைக் கறுக்க வைக்க வேண்டும், அதுதான் கஷ்டமான வேலை. கொஞ்சம் கூடினாலும் மருந்துப் படலம் கிழிந்துவிடும்.

ஒரு கல்யாணப் பொண்ணின் முகத்தை அரை நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவள் பெயர் தெரியாது. ஆனால் இடது புருவத்தில் சின்ன வயசுத் தழும்பு இருப்பது தெரியும், அதை எடுக்கலாமா விடலாமா என்று முதலாளியிடம் கேட்க வேண்டும். சிலர் "அதை எடுக்காதே, அது அவள் அடையாளம்" என்பார்கள். நான் பார்க்கக் கற்றது அந்த மேஜையில்தான். குறிப்பு முதலா கண் முதலா என்றெல்லாம் எனக்கு வாதாடத் தெரியாது. முகத்தில் எது வெளிச்சம் செய்தது, எது வயசு செய்தது என்று பிரிக்கத் தெரியாதவன் படம் பார்த்தவன் இல்லை என்பது மட்டும் தெரியும்.

---

நெய்தல்

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கணும். எங்கள் வீட்டில் பாட்டியின் பழைய ஸ்டூடியோ படம் ஒன்று இருக்கிறது. புடவை கிட்டத்தட்ட வெள்ளை. ஆனால் அப்போது தாத்தா உயிரோடுதான் இருந்தார், பக்கத்திலேயே நிற்கிறார். நெற்றிப் பொட்டு கரிக்கட்டை மாதிரி கருப்பு. இதில் எதை நம்புவது?

---

பழைய_டார்க்ரூம்

இரண்டுக்கும் காரணம் பிலிம்தான் அம்மா. அந்தக் காலத்துப் பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நீலம் ரொம்பப் பிடிக்கும், சிவப்பு கண்ணே தெரியாது. நீலம் வெளுத்து விழும், சிவப்பும் குங்குமமும் கறுத்துவிடும். பாட்டி நல்ல நீலத்தில் பட்டு கட்டியிருக்கலாம். பட்டின் பளபளப்பும் மடிப்பும் தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு டார்க் ரூமில் வேலை பார்க்க முடிந்ததும் இதே காரணத்தால்தான்.

அப்புறம் இன்னும் சில பார்க்கணும். பின்திரையில் தூண், மாடிப்படி, தோட்டம் என்று ஏதாவது வரைந்திருக்கும். திரை தரையைத் தொடும் இடத்தில் மடிப்போ விளிம்போ தெரியும், அங்கேதான் ஸ்டூடியோவின் நிஜத் தரை ஆரம்பிக்கிறது. கண்ணின் கருமணியில் வெளிச்சப் புள்ளி எங்கே என்று பாருங்கள். சதுரமாக இருந்தால் பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சம். கை எப்படி இருக்கிறது? முகத்தை நாங்கள் மாற்றிவிடுவோம், கையை யாரும் டச் செய்வதில்லை. பாட்டி உழைத்த கையா என்பது படத்தில் அப்படியே இருக்கும். அட்டையின் பின்பக்கமும் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் நம்பரோ இருக்கும்.

---

வகுப்பறை_ஜன்னல்

ஐயாவின் பதிவை என் மாணவர்களுக்குப் படித்துக்காட்டப் போகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவ்ஸன், ஃபிலிப் யெனவின் என்ற இருவர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு, மொத்தமே மூன்று கேள்விதான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? ஆசிரியர் சரி என்றோ தப்பு என்றோ சொல்லக் கூடாது. பிள்ளை சொல்லும் இடத்தைப் படத்தில் விரலால் காட்டி, அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நடுக் கேள்விதான் வேலை செய்கிறது. "எதைப் பார்த்து சொல்றே?" என்று கேட்டதும் மனப்பாடமாக வந்த பதில் தானாக நின்றுபோய், பிள்ளை எழுந்து படத்துக்குக் கிட்டே வருகிறது.

போட்டோகிராபியின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் 1838-இல் பாரிஸில் எடுத்த புல்வார் து தாம்ப்ள் தெருப் படத்தை வைத்தேன். மேலேயிருந்து எடுத்தது. அகலமான தெரு, மரங்கள், வரிசையாகக் கட்டடங்கள், ஆள் நடமாட்டமே கிடையாது. "லாக்டவுன் டீச்சர்" என்றான் ஒருவன். "எதைப் பார்த்து?" "யாருமே இல்லையே." பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து இடது பக்கம் கீழே காட்டினாள். "ஒருத்தர் நிக்கிறாரு, ஒரு காலைத் தூக்கி எதும்மேலயோ வச்சிருக்காரு." அவர் காலடியில் இன்னொரு மங்கலான உருவம். பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறவர்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். அந்தத் தகட்டில் படம் பதிய சில நிமிடங்கள் ஆகும். தெருவில் வண்டியும் ஆளும் நிறையப் போயிருப்பார்கள். நகர்ந்தவர்கள் பதியவில்லை. பாலிஷுக்காக நின்றவரும் பாலிஷ் போட்டவரும் மட்டும் தங்கிவிட்டார்கள். டாகேரின் தகட்டில் இடவலம் மாறித்தான் விழும் என்பதையும் சொன்னேன், நிஜத் தெருவில் அவர்கள் அந்தப் பக்கம் நின்றிருக்க மாட்டார்கள். வகுப்பு மறுபடி படத்தைப் பார்த்தது. முதலில் வெறும் தெருவாக இருந்தது, இப்போது காணாமல்போன கூட்டத்தைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பையன், "மரம் மேலே மட்டும் ஏன் கலங்கலா இருக்கு, காத்தா?" என்று கேட்டான்.

அதனால் என் அனுபவத்தில் வரிசை இதுதான்: பார், படி, மறுபடி பார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

---

கேள்விக்குறி

டீச்சர் சொல்லும் மூன்றாவது எனக்கும் சம்மதம். ஆனால் அந்தப் பிள்ளைகள் 'லாக்டவுன்' என்று முதலில் சொன்னதைக் கவனியுங்கள். கண் தனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் எடுத்துவைக்கிறது.

---

ஒளியச்சு

எடுத்துவைக்கட்டும். படத்தைக் கிட்டே போய்ப் பார்த்ததும் அது உடைந்துவிட்டதே. கண்ணுக்கு அந்தத் தெம்பு உண்டு என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஆங்கிலேயப் போட்டோகிராபர் ரோஜர் ஃபென்டன்.

1855 ஏப்ரலில் கிரைமியப் போரில், செவஸ்தபோல் அருகே ஒரு வெறும் பள்ளத்தாக்கைக் கேமராவை ஒரே இடத்தில் வைத்து இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பாதை மேல் சிதறிக் கிடக்கின்றன. மற்றதில் பாதை காலி, குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் மட்டும். எது முதலில் எடுத்தது? படத்துக்கு எடுப்பு வேண்டும் என்று குண்டுகளைப் பாதையில் தூக்கிப் போட்டார் என்று பலர் எழுதினார்கள். எந்த ஆதாரமும் இல்லாமல், ஃபென்டனின் குணத்தை ஊகித்துத்தான் எழுதினார்கள். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் கிரைமியாவுக்கே போய் அந்த இடத்தைத் தேடினார். நிழலை வைத்து நேரம் கணிக்கப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கடைசியில் குண்டுகளை விட்டுவிட்டு, சரிவில் கிடந்த சின்னக் கற்களைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ஒரு படத்தில் சற்று மேலே இருக்கும் அதே கற்கள் மற்றதில் சற்றுக் கீழே இருக்கின்றன. குண்டைத் தூக்க நடந்தவர்களின் கால் பட்டு உருண்டிருக்கின்றன. கல் மேல்நோக்கி உருளாது. அதனால் பாதை காலியாக இருக்கும் படம்தான் முதலாவது.

ஒன்றரை நூற்றாண்டாக எல்லோர் கண் முன்னாலும் கிடந்த கற்கள் அவை. போர் பற்றிய எந்தப் புத்தகமும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

---

கேள்விக்குறி

அருமையான உதாரணம். ஆனால் யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று கல் சொல்லவில்லை பாருங்கள். வரிசையை மட்டும் சொன்னது.

---

தஞ்சைவாசி

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் மாகாண அரசின் போட்டோகிராபர். 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை எல்லாம் எடுத்தவர். பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மன் கல்வெட்டு அறிஞர் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சில் கொண்டுவந்தது அதற்கு 30 வருடத்துக்கும் பிறகு.

இணையத்தில் அதைச் சின்னதாகப் பார்த்தால் ஒரு அழுக்கு ரிப்பன்தான். பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வைத்தால்தான் ஒட்டும் இடத்தில் வரி வரியோடு சேரும். அந்தக் கனமான மரக் கேமராவை வெயிலில் ஒவ்வொரு இடமாக நகர்த்திய உழைப்பு அந்த ஒட்டுகளில் தெரிகிறது. எனக்கு எழுத்தைவிட ஒட்டுகளைப் பார்ப்பதில்தான் ருசி அதிகம்.

இன்னொன்று. அவருடைய மற்றப் படங்களில் மேகம் அழகாக இருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். நீலத்துக்கு ரொம்ப வேகமாகப் பதியும் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் நெகட்டிவ் மேல் வண்ணம் பூசி மேகத்தைத் தானே வரைந்தார். டார்க்ரூம் ஐயாவின் முன்னோர்.

---

பழைய_டார்க்ரூம்

மேகம் வரைவது லேசில்லை. ஓரம் கூர்மையாக விழுந்தால் மாட்டிக்கொள்வோம்.

---

நெய்தல்

ஐயாவுக்கு நன்றி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பட்டுதான். ஆனால் இப்போது வேறொன்று கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் கனமான விஷயம்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸில் எடுத்த படங்கள். எலும்பும் தோலுமாக மனிதர்கள், குழந்தைகள். ஒவ்வொரு வருடமும் யாராவது பகிர்கிறார்கள், கீழே நூறு கண்ணீர். தென்னிந்தியாவிலும் மேற்கிலும் 50 லட்சத்துக்கும் மேல் மாண்டதாகக் கணிக்கப்படும் பஞ்சம் அது. இந்தப் படங்களையும் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வீர்களா? நான் ஒருமுறை முயன்றேன். விலா எலும்பை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்ததும் மூடிவிட்டேன். நிதானமாகப் பார்ப்பது எல்லா இடத்திலும் மரியாதை ஆகிவிடாது. சில இடத்தில் அது அவர்களுக்கு இன்னொரு முறை இழைக்கும் அவமானம்.

---

கேள்விக்குறி

இந்தப் படங்களைப் பற்றித்தான் நான் ஆரம்பத்திலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன், சொல்லத் தயங்கினேன்.

அவற்றில் நான் கவனித்தது அமைப்பு. முன்னால் உட்கார்ந்தவர்கள், பின்னால் நிற்பவர்கள், எல்லோரும் கேமராவுக்கு நேர். நிற்கத் தெம்பில்லாத மனிதர்களை யாரோ நிற்க வைத்திருக்கிறார்கள், கல்யாண குரூப் போட்டோ மாதிரி. அப்படி வரிசைப்படுத்த நேரம் எடுத்திருக்கும், முக்காலியில் கேமராவை நிறுத்த நேரம் எடுத்திருக்கும், அவ்வளவு நேரமும் அவர்கள் அப்படியே இருந்திருக்கிறார்கள். ஒரு படத்தின் குறிப்பு அவர்களை 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்' என்று வகைப்படுத்துகிறது. அந்தக் குறிப்பைப் படித்த பிறகு என்னால் உடம்பைப் பார்க்க முடியவில்லை. அவர்களைத் தகுதி பார்த்துப் பிரித்தவனைத்தான் பார்க்க முடிந்தது. அவன் படத்தில் இல்லை, ஆனால் எல்லாக் கண்களும் அவன் பக்கம் இருக்கின்றன.

இதே ஹூப்பர் பிற்பாடு பர்மாவின் மாந்தலேயில் மரணதண்டனையைப் படம் எடுத்தார். கேமரா தயாராகும்வரை சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் எழுந்து, விசாரணை நடந்து, கண்டிக்கப்பட்டார். இது தெரியாமல் பஞ்சப் படத்தைப் பத்து நிமிடம் பார்ப்பவர் ஹூப்பர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

---

வகுப்பறை_ஜன்னல்

இந்தப் படங்களை நான் வகுப்பில் வைக்க மாட்டேன், வைத்தால் குறிப்பும் வரலாறும் முதலில். நெய்தல் மூடிவைத்ததும் ஒரு பார்வைதான் என்று நினைக்கிறேன், பார்க்காமல் கடந்துபோனவருக்கு அந்தக் கூச்சம் வந்திருக்காது. கேள்விக்குறி சார், நீங்கள் சொன்ன வரிசை, முக்காலி, கண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? நீங்களும் நெடுநேரம் பார்த்திருக்கிறீர்கள்.

---

கேள்விக்குறி

பார்த்திருக்கிறேன் டீச்சர். மறுக்கவில்லை. உடம்பைப் பார்ப்பதை நிறுத்தி, அமைப்பைப் பார்க்கத் தொடங்கியதும்தான் உட்கார முடிந்தது.

---

ஒளியச்சு

குழுவில் நேற்று இதையெல்லாம் பேசினோம். எங்கள் வழக்கத்தில் ஒரு மாற்றம் செய்கிறோம். வலியில் இருக்கும் மனிதர்களை அவர்கள் விருப்பம் கேட்காமல் எடுத்த படம் என்றால், குறிப்பு முதலில் வரும். யார் எடுத்தது, எதற்காக, எடுக்கப்பட்டவருக்கு அதில் குரல் இருந்ததா என்று வாசித்த பிறகே படத்தைத் திருப்பிவைப்போம். பார்க்க விருப்பமில்லாதவர் எழுந்துபோகலாம், காரணம் கேட்க மாட்டோம். தெரு, கோயில், மரம், மேகம் எல்லாவற்றுக்கும் பழைய முறையே தொடரும். அப்படியானால் லாங்கே படம் எந்தப் பக்கம் என்று உடனே கேட்டார்கள். அது முதல் வகையில்தான் சேரும் என்பது பெரும்பான்மை. எனக்கு இன்னும் அரைமனசு.

அடுத்த தடவை ட்ரைப்பின் சுருள். 19 அடிக்குச் சுவர் இல்லை, மூன்று துண்டாகப் போடுகிறோம். தஞ்சைவாசி வந்து ஒட்டுகளைக் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டார்க்ரூம் ஐயா, உங்களுக்குப் பயணம் ஒத்துவந்தால் லென்ஸோடு வாருங்கள்.

---

பழைய_டார்க்ரூம்

வருகிறேன் தம்பி. வடக்கு ஜன்னல் இருக்கும் அறையாகப் பாருங்கள். டியூப் லைட்டில் பழைய பிரிண்டைப் பார்க்கக் கூடாது, நடுத்தரச் சாம்பல் எல்லாம் ஒன்றாகிவிடும்.